ஓக் காட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டீர்களா? பெரிய மரத்தில் கை வைக்கும் முன் செய்ய வேண்டியவை

ஒஹாயோ, கென்டக்கி, இந்தியானா, பென்சில்வேனியா, மிசூரி என்று அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் காட்டோடு சேர்ந்த நிலம் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இந்த விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. வனத்துறை அலுவலகம் ஒரு பாதியைச் சொன்னது, விவசாயத் துறை அலுவலகம் இன்னொரு பாதியைச் சொன்னது, வரி போடும் நேரத்தில்தான் வேறு சில காகிதங்கள் முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. நீங்கள் அப்படி அலைய வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதியட்டும். பெரிய ஓக் மரங்களை வெட்டினால் வெயில் விழும், வெயில் விழுந்தால் புது ஓக் தானே முளைக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. வெட்டுகிற நாளன்று தரையில் ஏற்கெனவே வேரூன்றி நிற்கும் ஓக் கன்றுகளும், வெட்டிய அடிக்கட்டையில் துளிர்ப்பவையும்தான் அடுத்த தலைமுறை. கன்று இல்லாத காட்டில் பெரிய மரத்தை வெட்டினால் ரெட் மேப்பிள், டூலிப் பாப்லர் போன்ற வேறு மரங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு என்ன செலவழித்தாலும் ஓக்கைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். கீழே உள்ள வரிசை முழுவதும் இதை வைத்துத்தான்.

1. எல்லையையும் காகிதங்களையும் சரிபாருங்கள்

பத்திரம், சர்வே வரைபடம், சொத்து வரி ரசீது மூன்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். எல்லை எங்கே ஓடுகிறது என்று காட்டில் நின்று காட்ட முடியவில்லை என்றால் சர்வேயரை வைத்துக் குறியிடுங்கள். காட்டு நிலத்துக்கு இது மலிவான வேலை இல்லைதான். ஆனால் பக்கத்து நிலத்து மரத்தைத் தெரியாமல் வெட்டிவிட்டால், பல மாநிலங்களில் மரத்தின் மதிப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு கட்ட வேண்டியிருக்கும்.

கனிம உரிமையும் மர உரிமையும் உங்களிடம்தான் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முந்தைய உரிமையாளர் தனியாக விற்றிருக்கலாம்.

இதோடு சொத்து வரிச் சலுகையையும் விசாரித்துவிடுங்கள். ஒஹாயோவிலும் இந்தியானாவிலும் பென்சில்வேனியாவிலும் 10 ஏக்கரிலிருந்து காட்டு நிலத்துக்குச் சலுகைத் திட்டங்கள் இருக்கின்றன. ஒஹாயோ, இந்தியானா திட்டங்களில் சேர எழுத்துபூர்வமான காட்டு மேலாண்மைத் திட்டம் வேண்டும். பாதியில் விலகினால் சலுகையாகப் பெற்றதைத் திருப்பிக் கட்டச் சொல்லும் திட்டங்களும் உண்டு. கையெழுத்துக்கு முன் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

2. மரம் வாங்க வருபவருக்கு முன் ஃபாரஸ்டரைக் கூப்பிடுங்கள்

ஃபாரஸ்டர் என்றால் காட்டு மேலாண்மை நிபுணர். பெரும்பாலான மாநிலங்களில் வனத்துறையின் சர்வீஸ் ஃபாரஸ்டர் கட்டணமில்லாமல் வந்து உங்களோடு காட்டைச் சுற்றிப் பார்ப்பார். காத்திருப்பு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதனால் நிலம் வாங்கியதுமே பெயரைக் கொடுத்துவிடுங்கள். இலை விழுந்த பிறகு வந்தால் மரங்களின் நிலை நன்றாகத் தெரியும். கன்றுகளை அடையாளம் காணக் கோடை நல்லது.

விற்பனை என்று வரும்போது தனியார் ஆலோசக ஃபாரஸ்டர் தேவைப்படுவார். இவர் உங்களுக்காக வேலை செய்பவர். பொதுவாக விற்பனைத் தொகையில் ஏறக்குறைய 10 சதவீதம் வாங்குவார்கள்; சிலர் மணிக்கணக்கில் கட்டணம் கேட்பார்கள். மர ஆலை அனுப்பும் ஃபாரஸ்டர் இலவசமாக வருவார், நல்லவராகவும் இருப்பார். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது வாங்குபவர்.

கதவைத் தட்டி, "பதினாறு அங்குல விட்டத்துக்கு மேல் உள்ள மரத்தை மட்டும் எடுக்கிறோம், சின்ன மரங்கள் வளர இடம் கிடைக்கும்" என்று சொல்பவர்கள் வருவார்கள். கேட்க நியாயமாக இருக்கும். இந்தக் காடுகளில் பல இடங்களில் சின்ன மரமும் பெரிய மரமும் ஏறக்குறைய ஒரே வயது. சின்னதாக இருப்பது தோற்றுப்போன மரம், அல்லது ரெட் மேப்பிள் மாதிரி நிழல் தாங்கும் வேறு இனம். நல்லதையெல்லாம் கொடுத்துவிட்டுத் தோற்றதை வைத்துக்கொள்ளும் வெட்டு இது. பொர்பன் விஸ்கியின் பீப்பாய்க்கு வெள்ளை ஓக்தான் வேண்டும் என்பதால் நல்ல வெள்ளை ஓக் நிற்கும் காடுகளைத் தேடி வருவார்கள். அவசரப்படாதீர்கள். நன்றாக நிற்கிற ஓக் இன்னும் சில வருடம் நின்றால் பருமனும் தரமும்தான் கூடும்.

3. வேலை தொடங்கும் முன் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள்

கூட்டாட்சி விவசாயத் துறையின் (யுஎஸ்டிஏ) இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவான என்ஆர்சிஎஸ் நடத்தும் ஈக்விப் என்ற உதவித்தொகைத் திட்டம், காட்டு வேலைகளுக்கும் பணம் கொடுக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கும் யுஎஸ்டிஏ சேவை மையத்துக்குப் போங்கள். வரிசை இது:

முதலில் அதே கட்டடத்தில் பெரும்பாலும் இருக்கும் எஃப்எஸ்ஏ என்ற பண்ணைச் சேவை அலுவலகத்தில் உங்கள் நிலத்துக்குப் பண்ணை எண் (ஃபார்ம் நம்பர்) வாங்க வேண்டும். பயிரே இல்லாத வெறும் காடாக இருந்தாலும் இது வேண்டும். பத்திரம், அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கி விவரம் எடுத்துப்போங்கள். நிலம் எல்எல்சி அல்லது டிரஸ்ட் பெயரில் இருந்தால் அதை உருவாக்கிய ஆவணங்களும், யார் கையெழுத்திடலாம் என்பதற்கான காகிதமும் வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால் இருவரும் போவது நல்லது.

அப்புறம் படிவங்கள். விண்ணப்பம் சிபிஏ-1200, வருமான வரம்புச் சான்று சிசிசி-941, மண் அரிப்பு, ஈரநில விதிகளை மதிப்பதாக ஏடி-1026. விண்ணப்பம் வருடம் முழுவதும் வாங்குவார்கள். ஆனால் தரவரிசைப்படுத்துவதற்கு ஒவ்வொரு மாநிலமும் ஒரு கடைசித் தேதி வைக்கும். அது தவறினால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கினால் அந்த வேலைக்குப் பணம் கிடைக்காது. இரண்டாவது, பணம் வேலை முடிந்து அவர்கள் சரிபார்த்த பிறகுதான் வரும். அதுவரை கைக்காசு போட வேண்டும். மூன்றாவது, விவசாயமோ காட்டு மேலாண்மையோ 10 வருடத்துக்கு மேல் செய்திராதவர் "தொடக்க விவசாயி" என்ற பிரிவில் வரலாம். அதற்கு உதவி விகிதம் அதிகம், ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்கவும் வழி உண்டு. இதை நீங்களாகக் கேட்டால்தான் சில அலுவலகங்களில் பேச்சே எழும்.

வேலைகளுக்கு எண்கள் உண்டு. 666 காட்டை மேம்படுத்த வேண்டாத மரங்களை எடுப்பது, 314 புதர் ஒழிப்பு, 338 கட்டுப்படுத்திய தீ, 612 மரம் நடுதல். இந்த எண்களைச் சொல்லிக் கேட்டால் பேச்சு வேகமாக நகரும்.

4. குனிந்து தரையைப் பாருங்கள்

எல்லாரும் காட்டுக்குப் போனால் அண்ணாந்து பார்க்கிறோம். ஓக் காட்டின் எதிர்காலம் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.

ஒரு கயிற்றில் 3 அடி 9 அங்குலம் அளந்து, ஒரு குச்சியை மையமாக வைத்து வட்டம் போடுங்கள். அது ஏறக்குறைய ஓர் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காடு முழுவதும் பரவலாக இப்படி 20 வட்டமாவது போட்டு, ஒவ்வொன்றிலும் ஓக் கன்று எத்தனை, எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். மத்திய மாநிலங்களின் ஓக் காடுகளுக்கு 1970களில் வகுத்த ஓர் அளவுகோல், நாலரை அடிக்கு மேல் உயரமான ஓக் கன்றுகள் ஏக்கருக்கு 433 வேண்டும் என்கிறது. உங்கள் 20 வட்டங்களில் அப்படிப்பட்ட கன்று மொத்தம் 9 இருந்தால் அந்த அளவை எட்டிவிட்டீர்கள். ஒரே மூலையில் ஒன்பதும் இருந்தால் அது கணக்கில்லை. பரவி நிற்க வேண்டும்.

சின்னக் கன்று என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு சாண் உயரத்தில், உச்சி காய்ந்து, தண்டு கோணலாக வளைந்து நிற்கும் கன்று ஒன்றின் அடியில் சருகை விலக்கிப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பென்சில் பருமனோ அதற்கு மேலோ இருக்கும். தலை பல முறை காய்ந்து மீண்டும் துளிர்த்திருக்கிறது. வேருக்கு மட்டும் பல வயது. ஓக் முதலில் வேரில்தான் பணத்தைப் போடும், உயரம் பிறகுதான். வெளிச்சம் கிடைத்தால் இந்தக் கன்று பாய்ந்து எழும். இரண்டு இலையோடு நிற்கும் போன வருடத்துக் கன்றிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

சரிவையும் குறித்துக்கொள்ளுங்கள். தெற்கு, மேற்கு பார்த்த வறண்ட சரிவிலும் மேட்டு முகட்டிலும் வெள்ளை ஓக், கறுப்பு ஓக் கன்றுகள் எளிதாகச் சேரும். வடக்கு, கிழக்கு பார்த்த வளமான சரிவில் வடக்குச் சிவப்பு ஓக் அருமையாக வளரும். ஆனால் டூலிப் பாப்லரும் அங்கேதான் வேகமாக வளரும் என்பதால் கூடுதல் வேலை வைக்கும். பணம் குறைவாக இருந்தால் வறண்ட பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

5. இடையில் நிற்கும் நிழலை எடுங்கள்

பெரிய மரங்களுக்குக் கீழே, ஆள் உயரத்திலிருந்து முப்பது நாற்பது அடி வரை ரெட் மேப்பிளும் பீச்சும் ஷுகர் மேப்பிளும் அடர்ந்து நிற்கும். இவற்றின் கீழே தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் மிக மிகக் குறைவு. கொட்டையில் இருந்த சத்து தீர்ந்ததும் ஓக் நாற்று சில வருடங்களில் செத்துவிடும். ஷெல்ட்டர்வுட் என்ற முறை இதற்காகத்தான். மேலே உள்ள பெரிய மரங்களை விட்டுவிட்டு முதலில் இடைநிலை மரங்களை நீக்குவது, கன்று தேறும் வரை பொறுப்பது, பிறகு மேல் மரங்களை எடுப்பது. நல்ல இடங்களில் நடுவே 10 வருடம் வரை ஆகலாம்.

வெறுமனே செயின்சாவால் வெட்டினால் மேப்பிள் அடிக்கட்டையில் கொத்தாகத் துளிர்த்துவிடும். அதனால் சின்னக் கோடரியால் பட்டையைக் கொத்தி, அந்த வெட்டில் களைக்கொல்லியைப் பீச்சுகிறோம். மரம் நின்றபடியே காய்ந்து மெதுவாக விழும். கோடையின் பிற்பகுதியும் இலையுதிர் காலமும் இதற்கு ஏற்றவை. சாறு வேகமாக ஏறும் முன்வசந்தத்தில் செய்தால் மருந்து வெளியே வழிந்துவிடும். இமாஸாபிர் மேப்பிளை நன்றாகக் கொல்லும், ஆனால் மண்ணில் தங்கி, பக்கத்து ஓக்கின் வேர் வழியாக அதையும் தாக்கக்கூடும். ஓக் அருகில் கிளைஃபோசேட் பாதுகாப்பானது. டப்பா மேல் ஒட்டியிருக்கும் வழிமுறை சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்துவது, மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

புஷ் ஹனிசக்கிள், ஆட்டம் ஆலிவ், ட்ரீ ஆஃப் ஹெவன் போன்ற அந்நியச் செடிகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவற்றை ஒழியுங்கள். வெளிச்சத்தைத் திறந்த பிறகு அவற்றைத் துரத்திப் பிடிக்க முடியாது. ட்ரீ ஆஃப் ஹெவனை மட்டும் மருந்தில்லாமல் வெட்டவே கூடாது, வேரிலிருந்து சுற்றிலும் முளைத்துவிடும். ஜூலை நடுவிலிருந்து இலை நிறம் மாறும் வரை மருந்து போடலாம்.

6. மானைக் கணக்கில் எடுங்கள்

வெள்ளைவால் மான் அதிகம் உள்ள இடத்தில் மேலே சொன்ன எல்லாம் செய்தும் பலன் இருக்காது. நான்கடி விட்டத்தில் உயரமான கம்பி வலைக் கூண்டு ஒன்றிரண்டு காட்டில் நிறுத்துங்கள். இரண்டு கோடைக்குப் பிறகு உள்ளேயும் வெளியேயும் ஒப்பிட்டால் உங்கள் மான் பிரச்சினை எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும். வேட்டைக்காரர்களைப் பெண் மான்களையும் சுடச் சொல்லி அனுமதிப்பது செலவில்லாத வழி. எழுத்துபூர்வ அனுமதியும் பொறுப்புக் காப்பீடும் இருக்கட்டும். எட்டடி உயர வேலி உறுதியான வழி, ஆனால் செலவு பெரிது, விழுந்த மரத்தை எடுத்து வேலியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

7. கன்று போதவில்லை என்றால் விதைப்பதும் நடுவதும்

விதை காய்ப்பு எல்லா வருடமும் சமமாக இருக்காது. வெள்ளை ஓக் நன்றாகக் காய்ப்பதற்கு நான்கிலிருந்து பத்து வருட இடைவெளி கூட ஆகும். நல்ல காய்ப்பு வந்த வருடம் இடைநிலை மரங்களைக் கழித்தால் அதைவிட நல்ல நேரம் கிடையாது.

கொட்டை பொறுக்குவதானால் தொப்பி தானாகக் கழன்றவற்றை எடுங்கள். சிறு வட்டமான ஓட்டை இருந்தால் உள்ளே இருந்த வண்டின் புழு தின்றுவிட்டு வெளியேறிவிட்டது, தூக்கிப் போடுங்கள். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மிதப்பதைக் கழித்து மூழ்கியதை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஓக் கொட்டை விழுந்த கையோடு இலையுதிர் காலத்திலேயே வேர் விடும். அதை உடனே விதைக்க வேண்டும். சிவப்பு ஓக் வகைகளுக்குக் குளிர் வேண்டும். இலையுதிர் காலத்திலேயே விதைக்கலாம், இல்லையென்றால் ஈரமான பீட் பாசியோடு பையில் போட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் வைத்து வசந்தத்தில் விதைக்கலாம். உறையவோ காயவோ விடக்கூடாது. ஓர் அங்குல ஆழம் போதும். அணில் தோண்டாமல் இருக்க மேலே வலை போடுங்கள்.

நாற்றாக நடுவதற்கு மாநில நாற்றங்கால்களில் வெறும் வேர் நாற்று மலிவாகக் கிடைக்கும். பதிவு இலையுதிர் காலத்திலேயே தொடங்கும். ஓக் வகைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். இலை விடும் முன், குளிர் கடைசியில் நடுங்கள். வேர் காய்ந்தால் நாற்று போயிற்று, குழி தோண்டும்போதும் ஈரச் சாக்கில் சுற்றியே வையுங்கள். 10 அடிக்கு 10 அடி என்றால் ஏக்கருக்கு 435 நாற்று. மானிடமிருந்து காக்கும் ஐந்தடிக் குழாயும் குச்சியும் நாற்றைவிடப் பல மடங்கு விலை. பட்ஜெட்டில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும். குழாய் போட முடியாத அளவுக்கு நாற்று வாங்காதீர்கள். அடர்ந்த நிழலில் நடுவதும் வீண். 5ஆம் படி முடிந்த இடத்தில் மட்டும் நடுங்கள்.

8. தீ, தேவைப்பட்டால் மட்டும்

ஓக் கன்றின் மொட்டுகள் மண்ணுக்குள் அடங்கியிருப்பதால் தீ மேலே பொசுக்கினாலும் அது துளிர்க்கும். பாப்லரும் மேப்பிளும் அந்த அளவுக்குத் தாங்காது. அதனால் மேல் மரங்களில் ஏறக்குறைய பாதியை எடுத்துவிட்டு, மூன்றிலிருந்து ஐந்து வருடம் கழித்து, போட்டிச் செடிகள் இலை விடுகிற வசந்தத்தில் எரிப்பது நன்கு சோதிக்கப்பட்ட முறை. நல்ல காய்ப்புக்குப் பின் உடனே எரித்தால் கொட்டைகளும் சேர்ந்து போகும். நல்ல மரத்தின் அடியில் கிடக்கும் வெட்டுக் கிளைகளை முன்பே இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடிமரம் வெந்து மதிப்பிழக்கும்.

இதை நீங்களே செய்யாதீர்கள். எழுதிய தீத் திட்டம், சான்று பெற்ற மேலாளர், மாநில அனுமதி எல்லாம் வேண்டும். ஒஹாயோவில் மார்ச், ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை 6 முதல் மாலை 6 வரை திறந்தவெளியில் எரிக்கத் தடை உண்டு. விதிவிலக்கை முன்கூட்டியே வாங்க வேண்டும். அனுமதிக்குப் பிறகும் காற்றும் ஈரமும் ஒத்துவரும் நாட்கள் ஒரு பருவத்தில் கொஞ்சம்தான்.

9. கன்று தயாரான பிறகு விற்பனை

4ஆம் படியின் வட்டங்களை மறுபடி போட்டு, கன்று போதும் என்று தெரிந்த பிறகு மேல் மரங்களை விற்கலாம். ஆலோசக ஃபாரஸ்டர் விற்கும் மரங்களுக்கு மேலேயும் அடியிலும் வண்ணக் குறியிடுவார். அடிக்குறி எதற்கு என்றால், வெட்டிய பிறகும் கட்டையில் அது தெரியும். குறியில்லாத கட்டை இருந்தால் கேள்வி கேட்கலாம். பிறகு மூடிய உறையில் ஏலம் கேட்பார். ஒரே ஒருவர் சொன்ன விலைக்குச் சம்மதிக்காதீர்கள், ஏலத்தில் மேல் விலைக்கும் கீழ் விலைக்கும் இடையில் பெரிய வித்தியாசம் வருவது சாதாரணம்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். முழுத் தொகையும் வெட்டு தொடங்கும் முன்; வேலை நன்றாக முடிந்தால் திருப்பித் தரும் வைப்புத்தொகை; முடிவுத் தேதி; குறியில்லாத மரம் வெட்டினால் அபராதம்; மர நிறுவனத்தின் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று; பாதைகளில் நீர்த்தடுப்பு மேடு போட்டு, விதை தூவிவிட்டுப் போக வேண்டும் என்ற உட்பிரிவு. தரை ஈரமாக இருக்கும்போது வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் வெட்டுவது எல்லா விதத்திலும் நல்லது. தரை கெட்டியாக இருக்கும், அடிக்கட்டை நன்றாகத் துளிர்க்கும், ஓக் வாடல் என்ற பூஞ்சை நோய் பரவாது. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை ஓக்கில் காயம் பட்டால் சாறுண்ணி வண்டுகள் அந்தப் பூஞ்சையைக் கொண்டுவரும். சிவப்பு ஓக் வகைகள் சில வாரங்களிலேயே செத்துவிடும், வேர் இணைப்பு வழியாகப் பக்கத்து மரத்துக்கும் போகும். இழுக்கும்போது கன்றுகள் முறிந்தால் பயப்படாதீர்கள். வேர் பெரிதாக இருந்தால் மறு வசந்தத்தில் நேராகத் துளிர்க்கும்.

10. வரிக் கணக்கு

நிலம் வாங்கிய தொகையில் மரத்தின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்து வைத்தால், விற்கும்போது அந்தப் பங்கைக் கழித்துக்கொள்ளலாம். வாங்கிய வருடமே ஃபாரஸ்டரிடம் அளந்து வாங்குங்கள். பின்னாளில் பின்னோக்கிக் கணக்கிடச் செலவு அதிகம். பரம்பரையாக வந்த நிலம் என்றால் முந்தைய உரிமையாளர் இறந்த நாளின் மதிப்புதான் அடிப்படை. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் பொதுவாக நீண்டகால மூலதன ஆதாயமாக வரும். மரத்தை வாங்கியவர், விற்பனைத் தொகையைக் காட்டும் 1099-எஸ் படிவத்தை அனுப்புவார். மரக் கணக்குக்கான வரிப் படிவம் (Form T) தேவையா என்று கணக்கரிடம் கேளுங்கள். நடுவதற்கும் மறுவளர்ப்புக்கும் ஆன செலவில் வருடத்துக்கு 10,000 டாலர் வரை உடனே கழிக்கலாம், மிச்சத்தை 84 மாதங்களில் பரப்பிக் கழிக்கலாம். ரசீதுகளைத் தேதியோடு வையுங்கள்.

11. இளங்காட்டை மறந்துவிடாதீர்கள்

வெட்டிய சில வருடங்களில் உள்ளே நடக்கவே முடியாதபடி அடர்ந்துவிடும். அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த அடர்த்திக்குள் ஓக் தோற்றுக்கொண்டிருக்கலாம். மரங்கள் 25 அடி உயரத்தை எட்டும்போது, பதினைந்து இருபது வருட வாக்கில், ஏக்கருக்கு 50லிருந்து 100 நல்ல ஓக்கைத் தேர்ந்தெடுத்து ரிப்பன் கட்டுங்கள். நேரான தண்டு, உச்சி வெயிலில் இருப்பது, கட்டையிலிருந்து வந்ததென்றால் தரையை ஒட்டித் துளிர்த்தது. அவற்றின் தலையைத் தொடும் பக்கத்து மரங்களை மூன்று நான்கு பக்கமும் வெட்டிவிடுங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம். கூட்டமாக நிற்பதால்தான் தண்டு கிளையில்லாமல் நேராகப் போகிறது. இந்த வேலை 666இன் கீழ் வருகிறது, 3ஆம் படியில் சொன்ன அதே படிவங்கள், அதே வரிசை.